மூன்று சிம்மும் ஒரு கடிதமும்

திருகோணமலையில் என் முதல் வேலை சிம் அட்டை வாங்குவது. ஒன்றல்ல, மூன்று. திங்கள் காலை எட்டே காலுக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடைக்குப் போய், மூன்று கம்பனியிலும் ஒவ்வொன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் என் கடவுச்சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூண்டு ஏன் மிஸ்? எல்லாருக்கும் காது ரெண்டுதானே."

எங்கே போகிறேன் என்று கேட்டார். சம்பூர் என்றதும் ஓர் அட்டையை எடுத்து மறுபடி லாச்சிக்குள் வைத்து மூடினார். "இது அங்க எடுபடாது. வாங்கி வேலையில்லை." திருச்சியில் எந்தக் கடைக்காரரும் முதலில் விற்றுவிட்டு, எடுபடவில்லை என்று நாம் திரும்பி வரும்போதுதான் அனுதாபப்படுவார். எது எடுபடாது என்று குறித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று விளக்கியதும் லாச்சியை மீண்டும் திறந்தார். அவர் முகத்தில் அந்த அனுதாபம் முன்கூட்டியே வந்துவிட்டது.

நான் வந்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருடங்களாகத் தொலைபேசிக் கட்டணங்களைப் பற்றி எழுதி வருகிறேன். இம்முறை கேள்வி கொஞ்சம் நீண்டது. ஒரே ஒரு தொலைபேசிக் கம்பனி எடுபட்ட ஊரில் இன்னொரு கம்பனி வந்து கட்டணம் குறைந்தால், அந்த ஊர்க் கூலியாட்களுக்குக் கூலி கூடுமா? கூட வேண்டும் என்பது கணக்கு. எங்கே நல்ல கூலி கிடைக்கிறது என்று போனில் விசாரிக்கலாம். விசாரித்தவர் இடம் மாறலாம். ஆளை இழக்க விரும்பாத முதலாளி கூலியைக் கூட்டியாக வேண்டும். இதைப் பார்க்க எனக்குக் கிடைத்த ஊர் சம்பூர். வியாழக்கிழமை தொழில் அலுவலகம் நகரத்தில் ஒரு கூட்டம் வைத்திருந்தது. மூதூர்ப் பக்கத்து நண்டுக் கம்பனிகளில் வேலை செய்யும் பெண்களின் நிலைமை பற்றியது. அதற்கு ஒரு பக்கக் குறிப்பு தரும்படி என்னையும் கேட்டிருந்தார்கள்.

பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டு முடிக்கும்போது, அந்த வாரத்துக்கு நான் அமர்த்தியிருந்த நசீர் நானா தன் ஆட்டோவுடன் வந்தார். கிண்ணியாக்காரர். தொலைபேசித் திணைக்களத்தில் லைன் இழுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். என் தொழிலைக் கேட்டதும் உற்சாகமானார்.

"அந்தக் காலத்தில போனெண்டா நாங்க மட்டும்தான் மிஸ். லைன் கேட்டு எழுதிப்போட்ட மனிசன் மௌத்தாகி, மகன் வந்து போனை எடுத்திரிக்கான். எங்களைக் கண்டா கதிரை போட்டுத் தேத்தண்ணி தருவாங்க. இப்ப பாருங்க, கம்பனிக்காரப் பொடியனுகள் ரோட்டில குடை புடிச்சிட்டு நிண்டு வா வா எண்டு கூப்பிடுறானுகள்."

போட்டி என்றால் என்ன என்பதற்கு நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கம் இல்லை. குறித்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்வரை மூன்று சிம்மும் ஒழுங்காக வேலை செய்தன. மூதூரில் இரண்டு. மூதூரைத் தாண்டி ஒரு வெளியில் ஆட்டோவின் பின்சக்கரத்தில் காற்றுப் போனது. நானா சக்கரம் மாற்றிய இருபத்தைந்து நிமிடத்தில் சாலையோரம் நடந்து நடந்து பன்னிரண்டு இடங்களில் அலைவரிசை அளந்தேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "மிஸ், காசு ஏதும் துலைச்சிட்டீங்களா?" என்று கேட்டு என்னோடு சேர்ந்து தரையைப் பார்த்தார்.

சம்பூரில் எங்கே உட்கார்வது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்குள் ஒரு மதகு இருக்கிறது. முன்பு அங்கே மட்டும்தான் போன் எடுபட்டதாம். இப்போது வீட்டுக்குள்ளேயே எடுபடுகிறது. ஆனாலும் மாலையில் பெண்கள் மதகுக்கு வந்து உட்காரும் வழக்கம் நின்றுவிடவில்லை. நண்டு வந்திறங்கினால் நாளைக்கு வேலை உண்டு என்று கம்பனியிலிருந்து அழைப்பு வரும். அன்று நண்டு இல்லாத நாள். அதனால் காலையிலேயே பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள்.

வேலை இதுதான்: அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையை நார் கெடாமல் பிரித்துக் கிண்ணத்தில் போட வேண்டும். எடுத்த சதையின் எடைக்குக் கூலி. அது டப்பாவில் அடைக்கப்பட்டுக் கப்பலேறிவிடும். நண்டுக் கறி வைப்பீர்களா என்று கேட்டேன்.

"நாள் முழுக்க அந்த மணத்துக்க இருந்திட்டு வீட்டிலயும் நண்டோ? ஏலாது மிஸ். வேணுமெண்டா உங்களுக்கு வைச்சுத் தாறம்."

பதில் சொன்னவர் சுகந்தி. முப்பத்தாறு வயது. எத்தனை வருடமாக இந்த ஊரில் என்ற கேள்விக்கு, "பிறந்ததிலயிருந்து. நடுவில கொஞ்சக் காலம் முகாமில" என்று வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார். ஏழு வருடமாக நண்டு உடைக்கிறார். மூதூரில் இறங்குதுறைக்குப் போகும் வழியில் இருக்கும் பழைய கம்பனியில் வேலை. தோப்பூர் வீதியில் இன்னொரு புதிய கம்பனி வந்திருக்கிறது. அவர்கள் சுகந்தியை மேற்பார்வையாளராக எடுக்கத் தயார். மாதச் சம்பளம், சேமலாப நிதி, நிரந்தர வேலை. ஆனால் பழைய கம்பனியிலிருந்து ரிலீஸ் லெட்டர் கொண்டுவர வேண்டும்.

"கேட்டீர்களா?"

"மூண்டு தரம் கேட்டனான். தரேலாது எண்டு சொல்லிப்போட்டினம். ஞாயிற்றுக்கிழமைக்கிடையில கொண்டராட்டி மற்றக் கம்பனிக்காரர் வேற ஆளைப் போட்டிருவினம்."

இதை எழுதிக்கொண்டு, அன்று காலையிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு வந்தேன். பத்துப் பேரிடம் கேட்டாயிற்று. இரண்டு கம்பனியிலும் கூலி ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை. ஏறினால் ஒரே வாரத்தில் இரண்டிலும் ஏறுகிறது. பெண்கள் எல்லோரிடமும் போன் இருக்கிறது. சிலரிடம் இரண்டு சிம். எங்கே என்ன கூலி என்பது எல்லோருக்கும் தெரியும். போனில் போட்டி வந்துவிட்டது. கூலியில் ஏன் வரவில்லை?

சுகந்தி சொன்னார்: "வெளியில பாத்தா போட்டி மாதிரித்தான் மிஸ். ஆனா உள்ளுக்க கதை இருக்கு."

ஈழத்தில் கதைப்பது என்றால் பேசுவது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இது வினைச்சொல் அல்ல, பெயர்ச்சொல். அதுதான் என்னைக் கவிழ்த்தது. கம்பனிக்குள் இப்படி ஒரு கதை உலவுகிறது என்று எடுத்துக்கொண்டேன். என் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் தகவலின் தன்மையைக் குறிக்க வேண்டும்: நேரில் கண்டது, பிறர் சொன்னது, வதந்தி. வதந்தி என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அது சமையல் எரிவாயு பற்றியது.

திரும்பும் வழியில் மூதூரில் மீன் குழம்பும் சோறும், அதன் பிறகு மண்சட்டியில் எருமைத் தயிர். மேலே பாணி என்கிற வெல்லப் பாகு ஊற்றித் தந்தார்கள். எங்கள் ஊரில் தயிர் சாப்பாட்டை முடித்து வைக்கும் பொருள். இங்கே அதற்காகவே பசி மிச்சம் வைக்கிறார்கள். நானா ஒரு முழுச் சட்டியை முடித்தார். நான் அரைச் சட்டி.

புதன் காலை ஏழு ஐம்பதுக்கு ஒரு பக்கக் குறிப்பை எழுதி முடித்து தொழில் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அதில் ஒரு வரி: "இரு நிறுவனங்களுக்கும் இடையே உடன்பாடு இருப்பதாகத் தொழிலாளர்களிடையே வதந்தி உள்ளது; ஆதாரம் இல்லை." எனக்குத் திருப்தியாக இருந்தது. கூலி ஒன்றாக இருப்பதாலேயே உடன்பாடு என்று சொல்லிவிட முடியாது என்பதை இருபத்திரண்டு வருடமாக எழுதி வருகிறேன். இரண்டு டீக்கடையில் ஒரே விலை இருந்தால் இருவரும் கூடிப் பேசினார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் மற்றவரின் பலகையைப் பார்த்திருக்கலாம். எந்த நாட்டில் விசாரணை நடந்தாலும் முதல் கேள்வி இதுதான்: அவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்களா?

மாலையில் நகரத்தில் கொஞ்சம் சுற்றினோம். திருகோணமலைத் தெருக்களில் மான்கள் நடமாடுவதைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. எங்கள் ஊரில் மாடு நிற்கும் இடங்களில் இங்கே புள்ளிமான் நிற்கிறது. ஹார்ன் அடித்தாலும் மாட்டைப் போலவே திரும்பிப் பார்க்கிறது. நானா ஆட்டோவை நிறுத்திவிட்டு இறால் வடை வாங்கப் போனார். நானும் கூடப் போனேன். என் கோப்புப் பையை இருக்கையில் வைத்திருந்தேன். அதற்குள் ஒரு வாழைப்பழம் இருந்தது. அதை அங்கே வைத்தது என் தவறு.

திரும்பி வந்தபோது ஒரு மான் ஆட்டோவுக்குள் தலையை நுழைத்து மென்றுகொண்டிருந்தது. பழம் போய்விட்டது. பழத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த தாளும் போய்விட்டது. எண்ணிப் பார்த்தேன். பதினொரு படிவத்தில் பத்து இருந்தன. இல்லாதது சுகந்தியுடையது.

"மானுக்கும் ஆராய்ச்சியில விருப்பம் வந்திட்டு மிஸ்" என்றார் நானா, வடையைக் கடித்தபடி.

ஒரு படிவம் குறைந்தால் என்னால் தூங்க முடியாது. துறைமுகம் தெரியும் ஒரு திருப்பத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, போனில் பதிந்து வைத்திருந்த எண்ணில் ஐந்தே காலுக்கு சுகந்தியை அழைத்தேன். தாளில் எழுத வசதியாக போனை ஸ்பீக்கரில் வைத்தேன். கேள்விகளை ஒவ்வொன்றாக மறுபடி கேட்டேன். மான் தின்ற விவரத்தைச் சொன்னதும் அவர் பக்கத்திலிருந்த யாரோ சிரித்தார்கள். கடைசியில் அந்தக் கட்டத்துக்கு வந்தேன்.

"இரண்டு கம்பனியையும் பற்றி ஒரு வதந்தி சொன்னீர்களே, அதை மட்டும் ஒருமுறை..."

"என்ன வதந்தி? நான் வதந்தி ஒண்டும் சொல்லேல்லையே."

"கதை இருக்கிறது என்றீர்களே."

"ஓம். கதை இருக்குத்தானே."

முன்னால் நானாவின் தோள்கள் குலுங்கின. திரும்பிப் பார்த்தார். கண்ணில் நீர்.

"மிஸ், உங்கட ஊரில கதையெண்டா என்ன?"

"கதை என்றால் கதைதான். ராஜா ராணிக் கதை."

"எனக்கும் எங்கட மச்சானுக்கும் ரெண்டு வருஷமாக் கதையில்ல. காணிப் பிரச்சினை. எண்டா என்ன, எங்களுக்குள்ள ராஜா ராணி இல்லையெண்டா? பேச்சு வார்த்தை இல்லையெண்டு அர்த்தம். கதை இரிக்கெண்டா பேச்சு இரிக்கு. அந்தப் புள்ள உங்களுக்கு நேத்தே சொல்லியிரிக்கு, ரெண்டு கம்பனியும் பேசி வச்சிரிக்காங்க எண்டு."

எனக்கு முகம் சுட்டது. எல்லா விசாரணைக்கும் முதல் கேள்வி என்று நான் சொல்லித் திரியும் அதே கேள்விக்கு ஒரு பெண் நேரே பதில் சொல்லியிருக்கிறார். நான் அதை வதந்தி என்று குறித்திருக்கிறேன்.

"சுகந்தி, அவர்கள் பேசியது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு முன்னாலதானே பழைய கம்பனிக்குப் போன் எடுத்தவர். புதுக் கம்பனி மனேஜர். இப்ப நீங்கள் போட்ட மாதிரி ஸ்பீக்கரில போட்டவர். 'உங்கட பிள்ளை ஒண்டு இஞ்ச வந்து நிக்குது, விடுறியளோ' எண்டு கேட்டவர். 'விடேலாது, நாங்கள் கதைச்சபடிதான்' எண்டு அங்கால இருந்து சொன்னவை. 'உம்மட ஆளை நானும் எடுக்கேல்லைத்தானே' எண்டும் சொன்னவை."

"இதை நேற்று ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள்தானே காஸ் சிலிண்டர் கேட்டனீங்கள்."

நானா இம்முறை சிரிக்கவில்லை. பெயரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டேன். "பேர் வேண்டாம் மிஸ். இருக்கிற வேலையும் போயிடும்." போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆறு நாற்பதுக்குத் திருத்திய குறிப்பை அனுப்பினேன். முதல் குறிப்பில் நான் செய்த பிழை இன்னது என்று தனியே ஒரு பத்தியும் சேர்த்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்குக் கூட்டம். ரோல்ஸும் பற்றீஸும் பிளேன்டீயும் முதலிலேயே வந்துவிட்டன. எங்கள் ஊர்க் கூட்டங்களில் இவை கடைசிவரை ஆட்களைப் பிடித்து வைக்கும் உபாயம். தொழில் அலுவலர் ஓர் அம்மையார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பவர். வலப்பக்கம் இரண்டு கம்பனி மனேஜர்களும், நடுவே ஒரு கதிரை விட்டு, ஒருவரையொருவர் பாராமல் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் பெண்கள். மூன்றாவது வரிசையில் சுகந்தியைப் பார்த்தேன். வருவதாக அவர் சொல்லியிருக்கவில்லை.

அலுவலரின் கையில் இருந்தது என் முதல் குறிப்பு. புதன் காலையிலேயே அச்செடுத்துவிட்டார்கள் போலும். "வதந்தி, ஆதாரம் இல்லை எண்டு இந்தியாவில இருந்து வந்த ஆய்வாளரே எழுதியிருக்கிறா" என்று அவர் வாசித்ததும் பழைய கம்பனி மனேஜர் பெரிதாகத் தலையாட்டினார்.

எழுந்து நின்றேன். "அது என் பிழை" என்றேன். 'கதை' என்ற சொல்லை நான் எப்படித் தவறாக எடுத்துக்கொண்டேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அறை முழுக்கச் சிரித்தது. அலுவலரும் சிரித்தார். மனேஜர்கள் சிரிக்கவில்லை.

பழைய கம்பனி மனேஜர் நல்ல பேச்சுக்காரர். "மிஸ், கூலி ஒண்டா இருந்தா கள்ளமோ? அது சந்தை விலை. உங்கட படிப்பில அதைத்தானே சொல்லித் தாறவை?"

"கூலி ஒன்றாக இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். "கடிதத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். போன வருடம் திருச்சியில் என் போன் கம்பனியை மாற்றினேன். நம்பரையும் கூடவே எடுத்துப் போனேன். பழைய கம்பனி ஏழு தடவை கூப்பிட்டது. அதுவரை என்மேல் காட்டாத அன்பையெல்லாம் காட்டியது. கட்டணம் குறைப்பதாகச் சொன்னது. ஆனால் 'விடமாட்டோம்' என்று சொல்ல அதற்கு உரிமையில்லை. சொல்ல விட்டால் எந்தக் கம்பனியும் அன்பு காட்ட வேண்டியதில்லை. கட்டணமும் குறைக்க வேண்டியதில்லை. விற்பவர் ஒருவரே என்றால் விலை ஏறும். வேலை கொடுப்பவர் ஒருவரே என்றால் கூலி இறங்கும். மூதூரில் வேலை கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஆனால் இந்தக் கடிதத்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒருவர்தான்."

"சரி. எங்களுக்குள்ள பேச்சு இருக்கெண்டு ஆர் சொன்னது? ஒரு பேர் சொல்லுங்கோ."

பேர் சொல்ல முடியாது என்றேன். வாக்குக் கொடுத்திருந்தேன். மனேஜர் இரண்டு கைகளையும் விரித்து அலுவலரைப் பார்த்தார். "பாத்தியளோ அம்மா? பேரில்லை."

அலுவலர் பேனாவை மூடப் போனார். அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"நான் சொன்னனான்." சுகந்தி எழுந்து நின்றிருந்தார். "என்ர பேர் சுகந்தி. உங்களிட்டத்தான் ஏழு வருஷமா நிக்கிறன். உங்கட குரல் எனக்குத் தெரியாதோ ஐயா? அவர் ஸ்பீக்கரில போட்டவர். பக்கத்தில நிண்டு கேட்டனான்."

புதிய கம்பனி மனேஜர் தன் போனைக் கவிழ்த்து வைத்தார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

அலுவலர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "எனக்குத் தெரிஞ்ச சட்டத்தில வேலைக்குச் சேர பழைய முதலாளியின்ர கடிதம் வேணுமெண்டு எங்கயும் இல்லை" என்றார். பிறகு புதிய மனேஜரிடம் நேரே கேட்டார்: "இந்தப் பிள்ளையைக் கடிதம் இல்லாமல் எடுப்பியளோ, மாட்டியளோ?"

புதியவர் நடுவே இருந்த வெற்றுக் கதிரையைத் தாண்டிப் பழைய மனேஜரைப் பார்த்தார். பழையவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கலாம்" என்றார் புதியவர்.

"அப்ப எழுதித் தாங்கோ."

ஒரு தாள் வந்தது. எழுதினார். ரிலீஸ் லெட்டர் இனிமேல் கேட்பதில்லை என்று இரண்டு கம்பனியும் தனித்தனியே எழுதித் தர வேண்டும் என்று அலுவலர் திகதியும் போட்டார். பழைய மனேஜர் முதலாளியிடம் கேட்டுத்தான் எழுத முடியும் என்றார். கேளுங்கோ, நான் இருக்கிறன் என்றார் அலுவலர். அரை மணி நேரம் இருந்தார். எழுதி வாங்கினார்.

வெளியே நானா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுகந்தி கூட வந்த பெண்களோடு பஸ்ஸுக்கு நடந்தார். நான் நன்றி சொல்ல ஓடினேன். அவருக்கு அதற்கு நேரமில்லை. "மூதூர் பஸ் போயிடும் மிஸ், திங்கட்கிழமை போன் எடுக்கிறன்" என்று கையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

சனிக்கிழமை ஊர் திரும்பினேன். திங்கள் வந்தது, போனது. அழைப்பு இல்லை. செவ்வாயும் இல்லை. எழுதித் தந்த தாளை அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று பலவிதமாக யோசித்தேன். அவற்றில் எதுவும் நல்லதல்ல. புதன் மதியம் ஒன்று பத்துக்கு அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது.

"மிஸ், கோவிக்காதேங்கோ. திங்கட்கிழமை வேலைக்கு வந்தனான். மூச்சு விட நேரமில்லை. இப்ப நான்தான் சுப்பவைசர்." பின்னால் ஓடுகள் உடையும் சத்தம் கேட்டது. "பழைய கம்பனியில இப்ப பிள்ளையளுக்குப் பத்து மணிக்குப் பால்த் தேத்தண்ணி குடுக்கினமாம். ஏழு வருஷத்தில ஒரு நாள் குடுக்கேல்லை. கூலியும் கூட்டுறம், போகாதேங்கோ எண்டு சொல்லினமாம்."

"போகாமல் இருந்தார்களா?"

"ஆறு பேர் நிண்டிட்டினம், கூலி கூட்டினா நல்லதுதானே. நாலு பேர் இஞ்ச வந்திட்டினம். ஆள் எடுக்கிறதும் இப்ப நான்தான். வரிசையில நிண்டு ஒருத்தி கேக்கிறாள், அக்கா, கடிதம் ஒண்டும் கொண்டரேல்லை, என்ன செய்யிறது எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நான் கடிதம் கேக்கேல்லை மிஸ். ஒரு நண்டைக் கையில குடுத்து, உடைச்சுக் காட்டு எண்டனான்."